குட்டி கத்துகிறது என்று உடனே தூக்காதீர்கள்

மாடிப்படிக்குக் கீழே பூனைக்குட்டி கத்தினால் அட்டைப்பெட்டியோடு ஓடுவதுதான் தெருப்பூனைகளைக் காப்பாற்ற வரும் புதிய தன்னார்வலர்கள் செய்யும் முதல் தவறு. தாய் இரை தேடிப் போயிருக்கலாம், குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டிகள் வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு தூங்கினால் தாய் இருக்கிறது. ஆள் நின்றால் அது கிட்டே வராது. தள்ளிப் போய்ச் சில மணி நேரம் பாருங்கள். மழையில் நனைந்தவை, எறும்பு மொய்ப்பவை, உடம்பு சில்லிட்டவை, காயம்பட்டவை என்றால் காத்திருக்க வேண்டாம்.

தூக்கியதும் அடுத்த தவறு பசும்பால். பேதியாகும், குட்டி ஓரிரு நாளில் வற்றிப்போகும். பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அதையும் சில்லிட்ட குட்டிக்குக் கொடுக்கக்கூடாது. உடம்பு குளிர்ந்திருந்தால் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர இடம் வேண்டும். கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற வைத்தே கொடுங்கள். பிறந்த முதல் வாரம் ராத்திரியும் சேர்த்து 2–3 மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிட்டால்தான் சிறுநீர், மலம் போகும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றாலே மருத்துவரிடம் போய்விடுங்கள், சோர்ந்து படுக்கும்வரை பார்த்திருக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துப்போகும். நாய்க்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்தும் அப்படித்தான்.

புதிதாக வந்ததை வீட்டுப் பூனைகளோடு விடாமல் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பூனைகளைக் கொல்லும் பான்லூகோபீனியா என்ற தொற்றுநோயின் வைரஸ் தரையில் மாதக்கணக்கில் இருக்கும், பினாயிலுக்கு மசியாது. பினாயிலும் டெட்டாலும் பூனைக்கு நஞ்சு வேறு. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

கருத்தடைக்காகப் பெரிய பூனையைச் சாக்குப்பையால் பிடிக்கப் போகிறவர் கடி வாங்குவார். கடி, கீறல் எதுவானாலும் 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் ஊசி அங்கே இலவசம்.

பிடிப்பதற்குக் கூண்டுதான் சரி. கதவைத் திறந்தே கட்டிவைத்துச் சில நாள் அதற்குள்ளேயே, அதே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். கம்பித் தளத்தில் பூனை கால் வைக்கத் தயங்கும், செய்தித்தாள் விரியுங்கள். பிடிப்பதற்கு முந்தைய நாள் சாப்பாட்டை நிறுத்தும்போது குடியிருப்பு முழுவதும் சொல்லிவையுங்கள். எதிர்வீட்டு அக்கா இரக்கப்பட்டுக் கருவாட்டுத் தலையைப் போட்டால் கூண்டு காலியாகத்தான் இருக்கும். கதவு விழுந்த நொடியே போர்வையால் மூடுங்கள், இல்லாவிட்டால் கம்பியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கருத்தடைக்கு மருத்துவர் நேரம் கொடுக்காமல் பிடிக்கவே பிடிக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை வெட்டிவிடச் சொல்லுங்கள். அந்த அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதே பெண்பூனையின் வயிற்றை இன்னொருவர் திறந்து பார்ப்பார்.

ஓரிடத்தில் பத்துப் பூனை இருந்தால் மூன்றுக்கு மட்டும் கருத்தடை செய்துவிட்டு நிறுத்துவது கிட்டத்தட்டப் பணத்தை வீணாக்குவதுதான். நான்கைந்து மாதத்திலேயே பூனை சினையாகும், ஒன்பது வாரத்தில் ஈனும். வேறு தெருவில் கொண்டுபோய் விடுவது அதைவிட மோசம்: போன இடத்தில் அடிபடும், காலியான இடத்துக்கு வேறு பூனை வந்துசேரும்.

மனிதரைக் கண்டாலே பதுங்கும் வளர்ந்த பூனைக்கு வீடு தேடாதீர்கள். கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுங்கள். குட்டிகள் இரண்டிலிருந்து எட்டு வார வயதுக்குள்தான் எளிதில் பழகும். வாட்ஸாப்பில் படம் போட்டதும் முதலில் கேட்பவருக்கே தூக்கிக் கொடுத்துவிடாமல் அவர் வீட்டு பால்கனியைப் பாருங்கள். கொசுவலையைப் பூனை கிழித்துவிடும், கம்பிவலை வேண்டும். ‘கருத்தடை அப்புறம் பண்ணிக்கிறோம்’ என்பவரிடம், மருத்துவர் சொன்ன தேதியில் குட்டியைத் தூக்கிப்போகும் பொறுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.