முறுக்கினால் இழுவை செத்துப்போன பழைய டூ-ஸ்ட்ரோக்

என் பழைய 100 சிசி டூ-ஸ்ட்ரோக் பைக் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) அருமையாக நிற்கும். நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கொஞ்ச தூரத்தில் இழுவை செத்துவிடும். ஓரமாக நிறுத்தி, சற்றுக் கழித்துக் கிளப்பினால் மறுபடி ஓடும். பிளக் மாற்றினேன், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளையான மெயின் ஜெட்டைக் கழுவினேன், சைலன்சர் கரியைச் சுரண்டினேன். பலனில்லை.

பெட்ரோல் டியூபைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்தால் நன்றாகவே கொட்டியது. ஆனால் அப்போது டேங்க் மூடி திறந்திருந்தது. மூடியை இறுக்கிவிட்டுப் பிடித்தேன்: தாரை மெலிந்து மெலிந்து சொட்டாகிவிட்டது. மூடியைத் திருகித் திறந்ததும் ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது.

மூடியின் காற்றுத் துளையில் தூசியும் பாலிஷும் கெட்டித்துக் கிடந்தன. காற்று உள்ளே போகாததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் சரியாக இறங்கவில்லை. மெதுவாகப் போகையில் கார்புரேட்டருக்கு அந்தக் கொஞ்சம் பெட்ரோலே போதும்; முறுக்கினால் போதாது. ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தி, பெட்ரோலில் கழுவினேன். இப்போது டாப் கியரில் முழுசாக இழுக்கிறது. அப்பாடா!