ஆய்வு முடிவை வாட்ஸ்அப்பில் போடும் முன்

ஆய்விதழில் கட்டுரை வந்ததும் அதன் முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "எங்கள் கட்டுரை வெளியாகியுள்ளது" என்று போட்டுவிடுவது வழக்கம். சக பேராசிரியர்கள் கைகூப்பி வாழ்த்துவார்கள். திருத்துறைப்பூண்டியில் நாற்று விடுகிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கட்டுரையிலிருந்து ஒரே ஒரு முடிவை எடுத்து, உழவர் குழுக்களுக்கு அனுப்பும் படத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். அது எங்கே செல்லாது என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது வரியில்தான். நெல்வயலைக் காய விட்டு மறுபடி நீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையையே பாருங்கள். வயலில் துளைக் குழாயைப் பதித்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்கும்படி மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வற்ற விடக்கூடாது. விட்டால் பதர் கூடும். பாய்ச்சும் அளவைப் படத்திலும் பூக்கும் பருவத்து எச்சரிக்கையைக் கீழே கேப்ஷனிலும் போட்டீர்களானால், யாரோ படத்தை மட்டும் சேமித்து ஸ்டேட்டஸில் வைப்பார். எச்சரிக்கை அங்கேயே கழன்றுவிடும். அதனால் நிபந்தனையும் படத்துக்குள்ளேயே, முடிவை எழுதிய அதே எழுத்தளவில் இருக்கட்டும். ரகம், மண், பருவம் (குறுவையா தாளடியா), சோதனை நடந்த வட்டாரம், ஆண்டு, இவற்றுக்குப் படத்தின் அடியில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

அடுத்தது அளவு அலகு. கட்டுரையில் நெல் விளைச்சல் "ஹெக்டேருக்கு 5 டன்" என்று இருந்தால் அது ஏக்கருக்குச் சுமார் 2,023 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில் 50. 60 கிலோ மூட்டையில் 34கூட வராது. எடையைச் சொல்லாமல் "ஏக்கருக்கு 50 மூட்டை" என்று மட்டும் போட்டால், 60 கிலோ கணக்குப் பார்க்கிறவர் 3 டன் என்று எடுத்துக்கொள்வார். அறுவடையில் உங்களைத்தான் தேடுவார். மாக்கணக்கு பேசும் ஊர்களுக்கு, மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்து, மாவுக்குச் சுமார் 675 கிலோ என்று எழுதலாம்.

படத்தோடு ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல் பதிவும் அனுப்புங்கள். எழுதி வைத்துப் படித்தால் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். இப்படிப் பேசினால் போதும்: "போர் தண்ணி வச்சு குறுவை நடுறவங்களுக்குச் சொல்றோம். குழாயில தண்ணி 15 சென்டிமீட்டர் இறங்கட்டும், அப்புறம் பாய்ச்சுங்க. பூ வர்ற நேரத்துல மட்டும் காய விட்டுடாதீங்க."

எப்போது போடுவது என்பதை ஆய்விதழ் முடிவு செய்யக்கூடாது, பருவம் முடிவு செய்யவேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை பற்றிய முடிவு மே மாதமே குழுக்களுக்குப் போய்விட வேண்டும். சம்பாவுக்கு ஜூலைக் கடைசி. நவம்பரில், வெள்ளம் வடியாமல் பயிர் மூழ்கிக் கிடக்கும்போது நீர்ச் சிக்கனம் பேசினால் திட்டுதான் மிஞ்சும். கட்டுரை அப்போதுதான் வெளியானதென்றால் ஆய்வாளர்களுக்கு மட்டும் அறிவித்துவிட்டு, உழவர்களுக்கான படத்தை மே வரை பத்திரமாக வையுங்கள்.

ஆய்வாளர்களுக்கு எக்ஸ் தளம் போதும். அங்கே கட்டணமில்லாக் கணக்குக்கு 280 எழுத்து வரம்பு. ஆனால் தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "மண்" கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணக்கில் மூன்று. லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23. ஆய்விதழின் பக்க முகவரிக்குப் பதில், கட்டுரைக்கென்று தரப்படும் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ (DOI) லிங்க்கையே கொடுங்கள். இதழின் இணையதளம் இடம் மாறினாலும் அது சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும். இதழ் வடிவமைத்த பிடிஎஃப்பை, பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்ததாக இருந்தால் ஒழிய, குழுவில் போடாதீர்கள். கட்டுரை இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்று எண்ணும் ஆல்ட்மெட்ரிக் போன்ற கணக்கெடுப்புகள் வாட்ஸ்அப் பகிர்வுகளைப் பார்ப்பதில்லை. அதனால் எத்தனை பேர் போன் செய்தார்கள், என்ன கேட்டார்கள் என்று நீங்களே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். துறையில் அறிக்கை கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

கல்வெட்டு, சிற்பம் ஆய்கிறவர்களுக்கு ஒன்று. காவல் இல்லாத இடத்தில் கிடக்கும் சிலையின் படத்தை ஊர், வரப்பு அடையாளத்தோடு போடாதீர்கள், திருடனுக்கு வழிகாட்டுவதாகிவிடும். தெளிவு குறையாமலிருக்க வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால், போன் பதிந்துவைத்த இட விவரமும் கூடவே போகும். எடுக்கும்போதே கேமராவில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள்.

படத்தில் தவறு வந்துவிட்டால் "அனைவருக்கும் நீக்கு" என்பதை மட்டும் நம்பவேண்டாம். ஃபார்வர்டு ஆன பிரதிகள் அப்படியே சுற்றும். வேறு நிறத்தில் புதுப் படம் செய்து, மேலே "திருத்தம்" என்ற சொல்லும் தேதியும், தவறான எண்ணின் மேல் கோடும், பக்கத்தில் சரியான எண்ணும் போட்டு, முதலில் அனுப்பிய எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள்.