வாடிய வல்லாரையை மீட்ட கதை

மொட்டை மாடியில் நான் ஆழமான தொட்டி ஒன்றில் வைத்திருந்த வல்லாரை, சித்திரை வெயிலில் இலை சிறுத்து, ஓரம் பழுத்து, துவையலுக்கும் உதவாத அளவுக்குக் கசந்து போயிற்று. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிட்டேன்; நிலைமை மோசமாயிற்று. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரத்தை ஒட்டித் தரையில் படரும் கொடிக்கு நான் கொடுத்திருந்த இடமே தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

அகலமான, ஆழம் குறைந்த பழைய பிளாஸ்டிக் தொட்டியில் அடியில் துளையிட்டு, செம்மண்ணுடன் மட்கிய சாணத்தைக் கலந்து நிரப்பி, முருங்கை நிழலுக்கு மாற்றினேன். பசுமையாக எஞ்சியிருந்த ஓடுதண்டுகளை வெட்டி, கணுக்கள் மண்ணில் படியும்படி சிறு கற்களால் அழுத்தி வைத்தேன். காலையும் மாலையும் நீர் தெளித்தேன். சில நாள்களில் ஒரு கணுவை மெல்லத் தூக்கிப் பார்த்தபோது, மயிரிழை போன்ற வெண்ணிற வேர்கள் மண்ணைப் பற்றியிருந்தன. அந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இப்போது சிறுநீரக வடிவ இலைகள் அகன்று விரிகின்றன. கொடியைப் பிடுங்காமல் காம்போடு கிள்ளி, உளுந்து, மிளகாய் வற்றல், தேங்காயுடன் வதக்கி அரைக்கிறேன்.