நாய்க்குட்டிக்கு பூச்சி மருந்து: நாம பண்ற தப்புங்க

"மோஷன்ல புழுவே இல்லையே, அப்புறம் எதுக்கு பூச்சி மருந்து?" நிறைய பேர் இப்படித்தான் கேக்குறாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். தெருவுல இருந்து தூக்கிட்டு வந்த நாட்டு நாய்க்குட்டி, ஒன்றரை மாசம் இருக்கும், வயிறு பானை மாதிரி உப்பியிருந்துச்சு, நல்லா சாப்பிடுது போலன்னு சந்தோஷப்பட்டேன், ஆனா முதுகை தடவினா எலும்பு கையில தட்டுச்சு, அதை நான் பெருசா எடுத்துக்கல. டாக்டர் குட்டியோட மேல் உதட்டை தூக்கி ஈறை காட்டினார், ரோஸ் கலர்ல இருக்க வேண்டியது சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. கொக்கிப்புழு. குடல் சுவத்தை கடிச்சு ரத்தத்தை உறிஞ்சுற ஜாதி, நூல் துணுக்கு மாதிரி சின்னது, மோஷன்ல பார்த்து கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதோட முட்டை மைக்ராஸ்கோப்ல தான் தெரியும். மோஷன் தார் மாதிரி கறுப்பா போச்சுன்னா அது ரத்தம்னு வெச்சுக்கோங்க. இதுல சின்னக் குட்டிங்க செத்தே போயிடும்.

"இப்பதானே பொறந்துச்சு, அதுக்குள்ள எப்படி பூச்சி வரும்"னு நெனைக்கிறதும் தப்பு. உருண்டைப்புழு தாய் வயித்துலயே குட்டிக்கு வந்துடும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியா வரும். அதனால தான் 2 வாரத்துலயே மருந்து ஆரம்பிச்சு, 8 வாரம் வரைக்கும் 2 வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் 6 மாசம் வரைக்கும் மாசாமாசம், அதுக்கப்புறம் 3 மாசத்துக்கு ஒரு தடவைன்னு குடுக்க சொல்றாங்க. தாய் நாய்க்கும் சேர்த்து குடுக்கணும்.

ஒரு டோஸோட நிறுத்திடாதீங்க. மருந்து குடல்ல இருக்கிற பெரிய புழுவைத்தான் கொல்லும், உடம்புக்குள்ள சுத்திட்டு இருக்கிற புழுக்குஞ்சுங்க கொஞ்ச நாள்ல குடலுக்கு வந்து சேரும், அதுக்குத்தான் ரெண்டாவது டோஸ்.

எடை பார்க்காம குத்துமதிப்பா குடுக்காதீங்க. குட்டியை தூக்கிட்டு வெயிட் மெஷின்ல ஏறி, அப்புறம் நீங்க மட்டும் ஏறி கழிச்சுப் பாருங்க. ரொம்பச் சின்னக் குட்டின்னா கிச்சன் தராசுல வைங்க. வீட்டுல பிள்ளைங்களுக்கு வாங்கின பூச்சி மாத்திரை, மாட்டுக்கு போடுற ஊசி மருந்து எதுவும் வேண்டாம், சில மருந்து நாய்க்கு ரொம்ப ஆபத்து. பூண்டு குடுத்தா பூச்சி போயிடும்னு சொல்றவங்க பேச்சை தயவுசெஞ்சு கேக்காதீங்க, பூண்டு நாயோட ரத்த சிவப்பணுவையே அழிக்கும், ஏற்கனவே ரத்தம் இல்லாத குட்டி என்ன ஆகும்?

வால் பக்கத்து முடியில அரிசி மாதிரி ஒட்டியிருந்தா, சில சமயம் நெளியும், அது நாடாப்புழு. உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு குடுக்குற பைரான்டெல் மருந்து மட்டும் உள்ள சிரப் இதுக்கு வேலை செய்யாது, பிராசிகுவான்டெல்ங்கிற மருந்து வேணும். தெள்ளுப்பூச்சியை முழுங்கித்தான் இது வருது, அதனால தெள்ளை ஒழிக்காம எத்தனை தடவை மாத்திரை குடுத்தாலும் திரும்ப வரும். பின்பக்கத்தை தரையில தேய்ச்சா உடனே பூச்சின்னு முடிவு பண்ணாதீங்க, ஆசனவாய் பக்கத்து சுரப்பி அடைச்சாலும் தேய்க்கும்.

மோஷனை அன்னன்னைக்கே அள்ளிடுங்க. உருண்டைப்புழு முட்டை நோய் பரப்புற அளவுக்கு வளர ஒண்ணுல இருந்து நாலு வாரம் ஆகும், அப்படி வளர்ந்துட்டா மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், மண்ணுல விளையாடுற பிள்ளைங்க வாய் வழியா உள்ள போய் கண் பார்வையையே கெடுக்கலாம்.

இன்னைக்கே உங்க குட்டி உதட்டை தூக்கி ஒரு தடவை பாருங்க. ஈறு வெளுத்திருந்தா மருந்துக் கடைக்கு போய் நிக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, ரத்தம் ஏத்த வேண்டியிருக்கலாம்.