பேக் பட்டன்: ஆப் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீளமான விண்ணப்பப் படிவம் ஒன்றை நான்காம் பக்கம் வரை நிரப்பியாகிவிட்டது. முந்தைய பக்கத்தில் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டோமோ என்று சந்தேகம் வர, பேக் பட்டனை அழுத்துகிறேன். மூன்றாம் பக்கம் வரவில்லை, ஆப்பின் முகப்பு வந்து நிற்கிறது. எழுதியது எல்லாம் போயிற்று. அதை மறுபடி நிரப்ப எனக்கு மனமே வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? டெவலப்பர் கணக்கில் அது ஒரே திரை, நான்கு பக்கங்களும் அதற்குள் மாறும் துண்டுகள். பயன்படுத்துகிறவர் கண்ணுக்கோ அவை நான்கு தனி இடங்கள். இடம் மாறியதாக அவருக்குத் தோன்றும் ஒவ்வொரு முறையும் பேக் அழுத்தினால் ஒரு படி மட்டுமே பின்னால் போக வேண்டும். பாதியில் வெளியேறினால் எழுதியதைச் சேமித்து வையுங்கள். அதைச் செய்துவிட்டால் “நிச்சயமாக வெளியேறவா?” என்று கேட்கும் பெட்டியே தேவைப்படாது.

பட்டியல்களிலும் இதே கதைதான். அறுபதாவது பொருள் வரை தள்ளிக்கொண்டே போய், ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் பட்டியல் தலையிலிருந்து ஆரம்பிக்கிறது, போட்ட ஃபில்டரும் காணோம். சர்வரிலிருந்து தகவலைப் புதிதாக எடுப்பது தப்பில்லை. ஆனால் விட்ட இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

லாகின் முடிந்த பிறகு பேக் அழுத்தினால் மீண்டும் லாகின் திரை வரக்கூடாது. பணம் கட்டி முடித்த பிறகு கட்டணத் திரைக்கே திரும்புவது இன்னும் மோசம், இரண்டு முறை பணம் போய்விடுமோ என்று ஆள் பயந்துவிடுவார். வேலை முடிந்த திரைகளை ஸ்டாக்கிலிருந்து, அதாவது திறந்த திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்கிலிருந்து, எடுத்துவிட வேண்டும்.

நோட்டிஃபிகேஷனைத் தட்டி நேராக ஓர் உள்திரைக்கு வருகிறவருக்குப் பின்னால் எதுவுமே இருக்காது. பேக் அழுத்தினால் ஆப்பை விட்டே வெளியே போய்விடுவார். வழக்கமான பாதையில் வந்திருந்தால் எந்தத் திரைகள் இருந்திருக்குமோ, அவற்றை நாமே அடியில் அடுக்கித் தர வேண்டும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர்களுக்கான டாஸ்க்ஸ்டாக்பில்டர் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது.

அப்புறம், “வெளியேற மீண்டும் ஒருமுறை அழுத்தவும்” என்ற வாசகம். இதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப்பின் முதல் திரையில் பேக் அழுத்தினால் அந்தத் திரை மூடப்படுவதில்லை, பின்னணிக்குத்தான் போகிறது. தெரியாமல் வெளியே வந்தாலும் உடனே திரும்பிவிடலாம். தவிர, விரலை இழுக்கும்போதே எங்கே போகப்போகிறோம் என்று முன்கூட்டிக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டில் வந்துவிட்டது. நடுவில் புகுந்து பேக்கைத் தடுக்கும் ஆப்பில், முகப்புக்குப் போவதைக் காட்டும் அந்த அசைவு வராது. ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைக்கும் ஆப்களில் இந்த முன்கூட்டிக் காட்டும் வசதி இயல்பாகவே இயங்கும், பேக் அழுத்தியதைக் கையாளும் பழைய ஆன்பேக்பிரஸ்டு ஃபங்ஷன் அழைக்கப்படுவதே இல்லை. அதை நம்பி எழுதிய நிரல் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

திரை ஓரத்தையும் மறக்க வேண்டாம். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்ளே இழுப்பதைப் பேக்காக எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. ஓரத்திலிருந்து இழுத்துத் திறக்கும் மெனு அதனோடு மோதும். சில பகுதிகளுக்கு விலக்கு கேட்கலாம், ஆனால் ஓர் ஓரத்துக்கு 200 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவுகளைக் குறிக்கும் அலகு) உயரம்தான் வரம்பு. மெனுவுக்கு ஒரு பட்டன் வைத்துவிடுவது நிம்மதி.

ஐபோனில் தனி பேக் பட்டன் கிடையாது. இடது ஓரத்திலிருந்து இழுத்துத் திரும்பும் வழி 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. அழகுக்காக மேலே சொந்த அம்புக்குறி போடும்போது, பலருக்கும் தெரியாமலேயே அந்த இழுப்பு வேலை செய்யாமல் போய்விடுகிறது. பெரிய போனை ஒரு கையில் பிடித்திருப்பவரின் கட்டைவிரல் அந்த மேல் மூலைக்கு எட்டாது. அம்புக்குறியை மாற்றிய ஒவ்வொரு திரையிலும் ஓரத்திலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.