மலை ஊரில் ஒற்றை கியர் சைக்கிள்: செயினையும் பல்சக்கரத்தையும் ஜோடி சேர்ப்பது எப்படி

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு புதுச் செயினைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, "அண்ணா, இது என் வண்டிக்குச் சேருமா?" என்று கேட்டான். வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. நானும் ஒரு முறை கடையில் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பார்க் பக்கம் ஏறியவன்தான். பெட்ஃபோர்ட் வருவதற்குள் எழுந்து நின்று மிதித்த ஒரு மிதியில் செயின் பல்லின் மேல் ஏறி நழுவிவிட்டது, முழங்கால் ஹேண்டில்பாரில் போய் மோதியது. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால், பல்சக்கரம் ஒரு அளவு, செயின் வேறு அளவு. சமவெளியில் அந்தச் செயின் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். ஏற்றத்தில் முழு உடம்பும் பெடல் மேல் நிற்பதால் மலை எந்தத் தவறையும் பொறுத்துக்கொள்ளாது.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் எத்தனை பல், அப்புறம் என்ன அகலம், கடைசியில்தான் கடை.

படி 1: பல்லை எண்ணுங்கள்

முன்னால் பெடலோடு சுற்றுவது செயின் வீல், பின்னால் இருப்பது ஃப்ரீவீல். ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு எண்ணுங்கள். முன் எண்ணைப் பின் எண்ணால் வகுத்தால் வருவது, பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. முன்னால் 44, பின்னால் 18 என்றால் 2.44. 700 அளவு சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு 5.1 மீட்டர் போவீர்கள். கோயம்புத்தூரில் இது சுகமான கியர். குன்னூரிலிருந்து வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ஊட்டி வரை ஏறுவதற்கு (குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240) இது முழங்காலுக்குத் தண்டனை.

என் அனுபவத்தில் இங்கே தினமும் ஓட்டுகிறவர்களுக்கு 1.5 முதல் 2 வரை சரியாக இருக்கும். செலவு குறைவான வழி, முன்னால் இருக்கும் 44-ஐ விட்டுவிட்டுப் பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போடுவது: சரியாக 2, ஒரு மிதிக்கு 4.2 மீட்டர். செங்குத்தான எஸ்டேட் பாதை என்றால் முன்னால் 32, பின்னால் 20 வைத்துப் பாருங்கள், 1.6 வரும், நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம். மெதுவாகத் தோன்றும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

படி 2: அகலத்தைப் பொருத்துங்கள்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். சைக்கிள் செயின்களில் கண்ணிகளைக் கோத்திருக்கும் பின் (ஊசி) ஒன்றுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம், கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் இதுதான். அதனால் எந்தச் செயினும் எந்தப் பல்லிலும் உட்காருவதுபோல் கண்ணுக்குத் தெரியும். வித்தியாசம் உள் அகலத்தில் இருக்கிறது. ஒற்றை கியர் செயின் 1/8 அங்குலம், அதாவது 3.2 மி.மீ. பக்கம், 6, 7, 8 கியர் வண்டிகளின் செயின் 3/32 அங்குலம், சுமார் 2.4 மி.மீ. 9 கியருக்கு மேல் இன்னும் ஒல்லியாகப் போகும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நம் மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு 1 அடி ஏறுகிற சரிவில், தண்டவாளத்துக்கு இடையில் இருக்கும் பல் தண்டை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டுதான் 1899-இலிருந்து ஏறுகிறது. பல் அடிவரைக்கும் இறங்கி உட்கார்ந்தால்தான் பிடி. செயினும் அப்படியே.

வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) இருந்தால் பல்லின் தடிமனை அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்குப் பக்கம் என்றால் அது 1/8, 2 மி.மீ.யை ஒட்டி இருந்தால் 3/32. 1/8 பல்லுக்கு 1/8 செயின்தான், வேறு வழியில்லை. 3/32 பல்லில் 1/8 செயின் போடலாம், பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், சத்தம் வரும், ஆனால் ஓடும். 1/8 பல்லில் 3/32 செயின் மட்டும் ஒருபோதும் கூடாது. முழுதாக இறங்காமல் பல்லின் முனையில் சவாரி செய்யும், நான் பெட்ஃபோர்டில் பட்டது அதுதான். செயின் வீல், ஃப்ரீவீல், செயின் மூன்றும் 1/8 ஆக இருந்துவிட்டால் கவலையே இல்லை.

படி 3: ஹப்பின் மரையைப் பாருங்கள்

ஃப்ரீவீல், பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் திருகி ஏறுகிறது. வழக்கமான மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. இதில் பொதுவாக 16 பல்லுக்குக் கீழே கிடைக்காது. மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் இறுகிக்கொண்டே போகும் என்பதால், மாட்டுவதற்கு முன் மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்றப் பெரும்பாடு.

ஃபிக்ஸட் கியர் (சக்கரம் சுற்றும் வரை பெடலும் கூடவே சுற்றும் வகை) ஆசை இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபிக்ஸட் பல்சக்கரமும் இதே மரைதான், அதனால் ஃப்ரீவீல் ஹப்பில் ஏறிவிடும். ஆனால் அதைப் பூட்டிவைக்க இடது மரை (எதிர்த்திசையில் இறுகும் மரை) கொண்ட லாக் ரிங் வேண்டும், அதற்கான இரண்டாவது மரை ஃபிக்ஸட் ஹப்பில் மட்டுமே உண்டு. லாக் ரிங் இல்லாமல் பின்னோக்கி அழுத்தினால் பல்சக்கரம் கழன்று வந்துவிடும். இறக்கத்தையும் யோசியுங்கள்: 44/22-இல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வந்தால் உங்கள் கால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 சுற்று சுற்றியாக வேண்டும், நிறுத்த முடியாது. 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலையில் அது உயிரோடு விளையாடுவது. இந்த மலையில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஃப்ரீவீலும் முன்னும் பின்னும் நல்ல பிரேக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இது என் கெஞ்சல்.

படி 4: நீளமும் நேர்க்கோடும்

பின்னால் 4 பல் கூட்டினால் செயினுக்கு ஒரு அங்குலம், அதாவது ஒரு ஜோடிக் கண்ணி, கூடுதலாக வேண்டும். ஒரு பல் மட்டும் மாறினால் சக்கரத்தை 3 மி.மீ. நகர்த்தினால் போதும். பின் அச்சு உட்காரும் காடி கிடைமட்டமாக இருந்தால்தான் இப்படி நகர்த்த முடியும், செங்குத்துக் காடி என்றால் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தனியாகப் போட வேண்டும்.

மாட்டியதும் பின்னால் குனிந்து பாருங்கள். செயின் வீலும் ஃப்ரீவீலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு நீள மரச்சட்டத்தை செயின் வீல் மேல் ஒட்டிவைத்துப் பார்த்தால் விலகல் தெரியும், 2 மி.மீ.க்கு மேல் போனால் வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள்.

படி 5: பழைய செயினை அளந்துவிட்டு முடிவெடுங்கள்

ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் 0-வை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து உட்காரும். 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளிப்போயிருந்தால் பல்லும் கூடவே தேய்ந்திருக்கும், புதுச் செயினை அதில் போட்டால் நழுவும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒரு முறையாவது அளப்பது நல்லது, சேறும் துருவும் செயினை வேகமாகத் தின்றுவிடும்.

படி 6: பூட்டி, சோதியுங்கள்

செயினின் இரு முனையையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பை மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், மேல் பக்கச் செயினில் அது முன்னோக்கி. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடட்டும். பெடலை மெல்லச் சுற்றி எல்லா இடத்திலும் பாருங்கள், ஏனென்றால் செயின் வீல் கச்சிதமான வட்டமாக இருப்பது அபூர்வம். எங்கே இறுகுகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சக்கரத்தை முடுக்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சின்ன ஏற்றத்தில், உட்கார்ந்தபடியே பத்து மிதி, அப்புறம் எழுந்து நின்று பத்து மிதி. சத்தமில்லாமல் ஏறினால் சரி. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் அச்சு நட்டை ஒரு தரம் முடுக்கிவிடுங்கள்.