லூபின் பயறு கிடைத்தால் அவசரப்படாதீர்கள்

ஆஸ்திரேலியாவிலோ இத்தாலியிலோ இருந்து வரும் உறவினர் யாராவது மஞ்சள் நிறத்தில் தட்டையான லூபின் பயறு கொண்டுவந்தால், கடலை (கொண்டைக்கடலை) மாதிரி ஓர் இரவு ஊறவைத்து அவித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். கசப்பு வகை லூபினில் நச்சுத்தன்மையுள்ள அல்கலாய்டுகள் இருக்கின்றன. அவித்தால் மட்டும் அவை போகாது.

ஒரு நாள் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் மெத்தென்று ஆகும்வரை அவியுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் போட்டு, தினமும் இரண்டு முறை நீர் மாற்றுங்கள். ஐந்து நாளோ ஒரு வாரமோ ஆகலாம். திருகோணமலை வெக்கையில் வெளியே வைத்தால் புளித்துவிடும், குளிர்சாதனப் பெட்டிதான் சரி. ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். துளி கசந்தாலும் துப்பிவிட்டு இன்னும் ஊறவிடுங்கள். ஊறிய நீர் எதையும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பொதியில் இனிப்பு லூபின் என்று இருந்தால் இத்தனை நாள் தேவையில்லை, அதில் உள்ளபடி செய்தால் போதும்.

கசப்பு போனதும் தடித்த தோலைப் பிதுக்கி எடுத்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ச் சொட்டு சேர்த்துப் பிரட்டுங்கள். கடற்கரையில் கொறிக்கும் கடலையைவிட இது கடிக்க உறுதியாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். அவித்த லூபின் 100 கிராமில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் உண்டு. அவித்த கடலையில் 9 கிராம்தான்.

கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். லூபினும் அதே மாதிரி ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும்.